லேசிக் பண்ண போறீங்களா? தப்பு ஸ்கேனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது

கல்யாணம் நிச்சயமானா முதல்ல மண்டபம், அப்புறம் பட்டுப்புடவ, அதுக்கப்புறம் "அந்த சோடாபுட்டிய கழட்டிடலாமே, லேசிக் பண்ணிக்கோயேன்"னு ஒரு அத்த கெளப்பி விடுவாங்க. எங்க வீட்லயும் அப்டித்தான். முகூர்த்தத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது கண்ண காட்டப் போனா எப்டிங்க? லேசிக்ங்கறது லேசரால கருவிழிய சீவி கண்ணாடி பவர போக்குற ஆபரேஷன். லேசர் அடிக்கிறது செகண்ட் கணக்குதான், ஆனா உங்க கண்ணு அத தாங்குமாங்கறது முன்னாடி எடுக்குற ஸ்கேன்லதான் தெரியும், அதுல 'உங்களுக்கு வேணாம்'னு கூட வரலாம், அப்ப புரோகிதர் குறிச்ச தேதிக்காக கண்ணு மாறாது.

நான் பண்ண கூத்த சொல்றேன். காலைல வரைக்கும் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்துட்டு ஆஸ்பத்திரி பாத்ரூம்ல கழட்டி டப்பால வெச்சுட்டு நல்ல புள்ளயாட்டம் மெஷின் முன்னாடி உக்காந்தேன். "லென்ஸ் கழட்டி எத்தன நாள் ஆச்சு"ன்னு கேட்டாங்க, "இப்பதான்"னு சொன்னேன், அவ்ளோதான், திருப்பி அனுப்பிட்டாங்க. லென்ஸ் கருவிழிய லேசா அமுக்கி அதோட வடிவத்தையே மாத்தி வெச்சிருக்குமாம், அது பழைய நெலமைக்கு வர்றதுக்குள்ள அளந்தா லேசருக்கு தப்பு கணக்குதான் போகும். சாஃப்ட் லென்ஸ்னா ஒண்ணு ரெண்டு வாரம், கெட்டி லென்ஸ்னா மூணு நாலு வாரமாவது கழட்டி வெக்கணும், சில பேருக்கு இன்னும் கூட ஆகும்.

எல்லாரும் 'எந்த மெஷின், ஆஃபர் இருக்கா'ன்னுதான் கேக்குறாங்க, கேக்க வேண்டியது 'என் கருவிழி தடிமன் எத்தன மைக்ரான்'னு. சராசரியா நடுவுல 540 மைக்ரான் இருக்கும், அதாவது அர மில்லிமீட்டர் சொச்சம். லேசிக்ல மேல ஒரு மூடி மாதிரி தெறக்குறாங்கல்ல, அந்த ஃப்ளாப்புக்கு 110 போச்சு, அப்புறம் ஒவ்வொரு பவருக்கும் 12லேருந்து 15 மைக்ரான் வரைக்கும் சீவணும். 480 மைக்ரான் இருக்குறவர் மைனஸ் 8க்கு பண்ணா 120 சீவுனதும் அடியில மிச்சம் 250தான், அது ரொம்ப விளிம்பு, நெறய டாக்டருங்க 300 இருந்தாதான் ஒத்துப்பாங்க. அப்டி இல்லாதவங்களுக்கு ஃப்ளாப் இல்லாம மேல்தோல மட்டும் எடுத்துட்டு பண்ற பிஆர்கே இருக்கு, உள்ள லென்ஸ் வெக்கிற ஐசிஎல் இருக்கு, அத பத்தி பேசாம உடனே தேதி குடுக்குற எடத்துலேருந்து எழுந்து வந்துடுங்க.

தடிமன் மட்டும் இருந்தாலும் போதாது. கண்ண கசக்குற பழக்கம் இருக்கா, சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சமமா இல்லாததால வர்றது) ஏறிட்டே போகுதா, வீட்ல யாருக்காவது கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி கூம்பா பிதுங்குற நோய் இருக்கா, இதெல்லாம் மறைக்காம சொல்லணும், ஏன்னா ஏற்கனவே கூம்பு மாதிரி பிதுங்க ஆரம்பிச்ச கருவிழிய மேல மேல சீவுனா பார்வ இன்னும் மோசமாதான் போகும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திர போடுறது, கண்ணு வறண்டு எரியறது, கைக்குழந்தைக்கு பால் குடுக்குறது எல்லாமே சொல்ல வேண்டியதுதான். 18 ஆயிட்டா பண்ணலாம்னு சொல்வாங்க, ஆனா ஒரு வருஷமா பவர் அர பாயிண்டுக்கு மேல மாறாம இருக்கணும், காலேஜ் பசங்களுக்கு பல பேருக்கு அது நிக்கிறதே இல்ல.

40 தாண்டுனவங்க ஒண்ணு கேளுங்க. அந்த வயசுல கிட்ட பாக்குற சக்தி கொறையும், மைனஸ் கண்ணுதான் கண்ணாடி இல்லாமலே கிட்ட படிக்க உதவும். மைனஸ் 3 இருக்குற எங்க மாமா கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு பேப்பர் படிப்பாரு. அவரு லேசிக் பண்ணா ரோட்டுல போர்டு படிக்கலாம், பேப்பருக்கு புதுசா ஒரு கண்ணாடி வாங்கணும்! இத முன்னாடியே சொல்லாம விட்டுட்டு அப்புறம் சண்ட போடுறவங்க நெறய பேரு.

ஆபரேஷன் அன்னிக்கி சென்ட், கண் மை எதுவும் வேணாம், சென்ட்ல உள்ள ஆல்கஹால் ஆவி லேசர கெடுக்கும். லேசர் அடிக்கும்போது முடி கருகுன மாதிரி ஒரு வாசன வரும், பயந்து தலைய ஆட்டிடாதீங்க, கண்ணு வேகல. எக்ஸைமர் லேசர் சூட்டுல பொசுக்குறதில்ல, பக்கத்து திசுவ தொடாம மெல்லிசா எடுக்கும். இந்த லேசர் திசுவ இப்டி சீவும்ங்கறத 1981ல ஐபிஎம்ல கண்டுபிடிச்ச குழுவுல நம்ம சென்னைல பொறந்த ரங்கசாமி சீனிவாசன் இருந்தாரு, சோதிச்சு பாத்தது விருந்துல மிஞ்சுன வான்கோழில.

முடிச்சதும் பார்வ பளிச்சுன்னு இருக்கேன்னு அன்னிக்கே பைக் எடுக்காதீங்க. கசக்குனா ஃப்ளாப் நகந்துடும், அதனால தூங்கும்போது அவங்க குடுக்குற பிளாஸ்டிக் கண் மூடிய போட்டே ஆகணும். நீச்சல் கொஞ்ச வாரத்துக்கு கெடையாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்த நீங்களா நிறுத்தவும் கூடாது, எரிச்சல் போகலன்னு மெடிக்கல்ல வாங்கி மாசக்கணக்குல ஊத்தவும் கூடாது, கண் அழுத்தம் ஏறிடும். வறட்சி சில மாசம் இருக்கும், அதுக்கு வேற சொட்டு மருந்து.

கண்ணாடி போச்சுன்னா மைனஸ் கண்ணே போச்சுன்னு அர்த்தமில்ல. கண்ணு உள்ள நீளமாதான் இருக்கு, விழித்திர இழுபட்டுதான் இருக்கு, திடீர்னு மின்னல் மாதிரியோ கரும்புள்ளி கூட்டமாவோ தெரிஞ்சா அன்னிக்கே ஓடணும். அப்புறம் அந்த ஸ்கேன் பேப்பர், பழைய பவர் சீட்டு ரெண்டையும் ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வெச்சுக்கோங்க, 60 வயசுல புரை வந்தா உள்ள வெக்கிற லென்ஸ கணக்கு போட டாக்டர் அததான் கேப்பாரு.