குமிழி நின்றால் பீர் தயார் என்று யார் சொன்னது? வீட்டில் பீர் காய்ச்சுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தாம் முதன்முதலாகக் காய்ச்சிய பீரைக் காட்ட என்னை அழைத்தார். இருபது லிட்டர், அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்களில் நாற்பது. துடைத்து, தேதி ஒட்டி, சமையலறை அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்தார். எப்போது அடைத்தீர்கள் என்று கேட்டேன். "ஏழாம் நாள், ஏர்லாக்கில் குமிழி வருவது நின்றுவிட்டது" என்றார். (ஏர்லாக் என்பது நொதிக்கும் வாளியின் மூடியில், வாயு குமிழியாக வெளியேறப் பொருத்தும் சிறு குழாய்.) திரவத்தின் அடர்த்தியை அளந்து சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டரில் எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். அது உறை பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அதே தவறைப் பல ஆண்டுகளுக்கு முன் நானும் செய்தவன்.

பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். யாரும் அழுத்திச் சொல்லாதவை சில உண்டு.

ஈஸ்ட்டைப் புழுங்க வைப்பது

ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) காய்ச்சும் சாதாரண ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். புதியவர்கள் அறையின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். நொதித்தல் தானே சூட்டை உண்டாக்கும். உச்சத்தில் இருக்கும்போது வாளிக்குள் இருக்கும் திரவம் அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 24 என்றால் ஈஸ்ட் 28-இல் தவிக்கிறது. அதன் விளைவு தொண்டையை எரிக்கும் காட்டம். எத்தனை மாதம் வைத்திருந்தாலும் அந்தக் காட்டம் முழுதாகப் போகாது.

வெப்பமானியை வாளியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றுங்கள். முதல் மூன்று நாள் காவல் காத்தால் போதும், சுவையின் பெரும்பகுதி அப்போதே தீர்மானமாகிவிடும். அறையைக் குளிர்விக்க வழியே இல்லையென்றால் குவேக் என்ற நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட்டைத் தேடிப் பிடியுங்கள். அது 35 டிகிரியிலும் சுணங்காமல் வேலை செய்யும்.

வாளியைத் திறந்து திறந்து பார்ப்பது

திறக்காதீர்கள்.

குமிழியை நம்பிப் பாட்டிலில் அடைப்பது

ஏர்லாக் என்பது கரியமில வாயு வெளியேற ஒரு வாசல், அவ்வளவுதான். அது அளவுகோல் அல்ல. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் வாயு பக்கவாட்டில் கசியும், உள்ளே நொதித்தல் பொங்கிக்கொண்டிருக்கும்போதும் குமிழி வராது. இரவில் குளிர்ந்தால் ஈஸ்ட் துவண்டு அடியில் படியும், அப்போதும் குமிழி நிற்கும், சர்க்கரையோ மிச்சமிருக்கும். நொதித்து முடிந்த பீர் பகல் சூட்டில் இளகும்போது, கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி விடுவதும் உண்டு. இப்படி இரண்டு பக்கமும் பொய் சொல்லும் ஒன்றை நம்பி, கண்ணாடிக்குள் அழுத்தத்தை அடைக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். நொதித்து முடிந்த பீரில், அறை வெப்பத்தில், லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும். அடைக்கும்போது நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தால் ஏறக்குறைய இன்னும் 3 கிராம் வரும். ஆக ஐந்து கிராமை ஒட்டி நிற்கும். பெரும்பாலான பீருக்கு அதுதான் சரியான அளவு. ஹைட்ரோமீட்டர் தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கூடக் கூட எண் ஏறும். அதில் ஒரு புள்ளி, அதாவது 0.001, பாட்டிலுக்குள் இறங்கினால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் வாயு கூடும். 1.012-இல் முடிய வேண்டிய பீரை 1.016-இல் அடைத்தால் நான்கு புள்ளி, நான்கு கிராம். அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். சாதாரண பீர் பாட்டில் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

என் வீட்டில் அடைத்த ஒன்பதாம் நாள் இரவு வெடித்தது. அலமாரி சரிந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். ஒரு பாட்டில் வெடித்து, அதன் சில்லு பக்கத்துப் பாட்டிலையும் உடைத்திருந்தது. விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று கதவுப் பலகையில், என் தோள் உயரத்தில், குத்தி நின்றது. அன்று மாலை வரை என் மகள் அந்த அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தத் துண்டைப் பிடுங்கியபோது கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

நான் வாங்கிய பெட்டியில் இருந்த செய்முறைத் தாளில் "குமிழி நின்றதும், ஏழாம் நாள் பாட்டிலில் அடைக்கவும்" என்றுதான் போட்டிருந்தது. அந்த இளைஞர் காட்டிய தாளிலும் ஏறக்குறைய அதே வரி. இத்தனை ஆண்டு கழித்தும் அதை அச்சிட்டுப் புதியவர்கள் கையில் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாள் கணக்கு ஈஸ்ட்டுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது கடினமே அல்ல. ஈஸ்ட் போடும் முன் ஓர் அளவு எடுங்கள், 1.048 என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் உறையில் அது எத்தனை சதவீதம் நொதிக்கும் என்று எழுதியிருக்கும். 75 என்றால் 48 புள்ளியில் 36 இறங்கி, 1.012 அருகே முடியும். குமிழி அடங்கிய பிறகு ஓர் அளவு, மூன்று நாள் கழித்து இன்னோர் அளவு. இரண்டும் ஒன்றாகவும், எதிர்பார்த்த இடத்துக்கு அருகிலும் இருந்தால் மட்டுமே அடையுங்கள். 1.020-இல் அசையாமல் நின்றால் அது முடிவல்ல, தேக்கம். வாளியை இரண்டு மூன்று டிகிரி வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி, மெல்லச் சுழற்றிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

சந்தேகத்துக்கு இடமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: காய்ச்சும் நாளிலேயே அரை லிட்டர் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாற்றைத் தனியாக எடுத்து, தாராளமாக ஈஸ்ட் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் அடிக்கடி குலுக்கி வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள். அது சில நாளில் எங்கே போய் நிற்கிறதோ, உங்கள் வாளியும் அங்கேதான் போய் நிற்கும். நான் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன்.

அளவு எடுக்கும் முன் மாதிரியை நன்றாகக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள். குமிழிகள் ஹைட்ரோமீட்டரைத் தூக்கிக் காட்டும். அளந்ததை வாளியில் திரும்ப ஊற்றாமல் குடித்துப் பாருங்கள், நாக்கும் ஒரு கருவிதான்.

சர்க்கரையைக் கரண்டியால் அளப்பது

தராசு வாங்குங்கள். கொதிநீரில் கரைத்து, மொத்தப் பீரிலும் மெதுவாகக் கலந்த பிறகே நிரப்புங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே எடுப்பது

தண்ணீரில் உள்ள குளோரின், மால்ட்டில் உள்ள பொருள்களோடு சேர்ந்து மருத்துவமனைப் பிளாஸ்திரி வாடையைக் கொடுக்கும். கொதித்தால் குளோரின் போய்விடும். ஆனால் பல இடங்களில் கலக்கும் குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. இரண்டையும் நீக்கும் காம்ப்டன் என்ற சல்பைட் மாத்திரையில் கால் பங்கு 20 லிட்டருக்குப் போதும்.

சலசலவென்று ஊற்றுவது

ஈஸ்ட் போடும் நாளில், ஆறிய சாற்றை நன்றாக அடித்துக் காற்றேற்ற வேண்டும். ஈஸ்ட் பெருக அது தேவை. நொதித்து முடிந்த பிறகு அதே காற்று கேடு செய்யும், பீர் நனைந்த அட்டைப் பெட்டி போல மணக்கும். குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு நிரப்புங்கள்.

வெயிலில் வைப்பது

பழுப்பு பாட்டில், இருட்டு.

ஏற்கெனவே அடைத்துவிட்டவர்களுக்கு

அந்த இளைஞரிடம் சொன்னதையே சொல்கிறேன். அலமாரியை வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை அணிந்துகொண்டு, பாட்டில்களைக் கனமான துணியால் மூடி, ஒவ்வொன்றாகக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். குளிரில் ஈஸ்ட் அடங்கும், அழுத்தமும் இறங்கும். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு, துணியால் போர்த்தியபடியே மூடியைச் சற்றே நெம்பி வாயுவை விடுங்கள். பாட்டில் மளமளவென்று பொங்கினால் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிடுங்கள். அவர் அன்று மாலையே எல்லாவற்றையும் குளிரில் வைத்தார். முதலில் திறந்த பாட்டிலில் பாதிப் பீர் கூரைக்குப் போனது. மீதி முப்பத்தொன்பதையும் இரண்டு பேருமாக நின்று கொட்டினோம்.