மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் அட்சரேகை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "பூமியின் மீது கிழக்கு மேற்காக வரையப்பட்ட கற்பனைக் கோடுகள்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். சரி, மதுரை எத்தனை டிகிரியில் இருக்கிறது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிக்கும். என் அக்கா மகளும் அப்படித்தான் முழித்தாள். பாடம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கோடு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், கோணம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கோணத்தை நம் வீட்டு மாடியிலேயே அளக்கலாம். ஒரு குச்சி, ஒரு அளவுநாடா, ஒரு கடிகாரம், ஒரு கோணமானி போதும்.

மாடிக்குப் போகும் முன் அடுப்படியில் பத்து நிமிடம் செலவழியுங்கள். ஒரு வெங்காயத்தைக் குறுக்குவாட்டில் வட்டம் வட்டமாக நறுக்கி, அதே வரிசையில் திரும்ப அடுக்கி வையுங்கள். நடு வட்டம் பெரிது, மேலும் கீழும் போகப் போக வட்டம் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் புள்ளியாகிவிடும். அட்சரேகைகள் இப்படித்தான் இருக்கும் (இப்போதைய புத்தகத்தில் அட்சக்கோடு என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான்). அப்புறம் ஒரு ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்துச் சுளைகளைக் காட்டுங்கள். எல்லாச் சுளையும் ஒரே நீளம், எல்லாமே உச்சியிலும் அடியிலும் ஒன்று சேர்கின்றன. இது தீர்க்கரேகை. இதைக் கையில் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு எது படுக்கை, எது செங்குத்து என்ற குழப்பம் அதன் பிறகு வராது.

இன்னொரு பழத்தை உரிக்காமல் மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பழத்தின் இடுப்புக்கு ஒரு கோடு இழுங்கள், அது நிலநடுக்கோட்டுக்குப் போகிற கோடு. அதே புள்ளியிலிருந்து கொஞ்சம் மேலே சாய்வாக, மதுரை இருக்கும் இடத்துக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோணம்தான் மதுரையின் அட்சரேகை எண். பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். பூமியின் நடுவில் இருக்கும் இந்தக் கோணத்தை, பூமிக்குள் போகாமலே நிழலை வைத்து அளக்கப் போகிறோம்.

முதலில் நாள். மார்ச் 20, 21, இல்லையென்றால் செப்டம்பர் 22, 23. இந்த நாட்களில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும், அதனால் கணக்கு சுலபம். வேறு நாளிலும் செய்யலாம், அதற்கு ஒரே ஒரு கூட்டலோ கழித்தலோ வேண்டும், பிறகு சொல்கிறேன்.

குச்சி நேராக, ஒரு மீட்டர் இருந்தால் கணக்குக்கு வசதி. மணல் நிரப்பிய பழைய பெயிண்ட் வாளியில் நட்டு, தரையிலிருந்து குச்சியின் நுனி சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். இரண்டு விஷயத்தில் கவனமாக இல்லாவிட்டால் எல்லாம் வீணாகிவிடும். ஒன்று, குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு நூலில் கனமான நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல, இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துச் சரி செய்யுங்கள். இரண்டு, தரை. மொட்டை மாடித் தரை மட்டமாக இருக்கவே இருக்காது, மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள். நாங்கள் முதல் தடவை இதை யோசிக்காமல் அப்படியே தரையில் அளந்தோம், குச்சியும் லேசாகச் சாய்ந்திருந்திருக்கிறது, விடை 12 டிகிரி வந்தது. அது பாண்டிச்சேரி இருக்கும் அட்சரேகை. இரண்டே டிகிரி பிசகு, ஆனால் தரையில் அது 220 கிலோமீட்டருக்கு மேல். அக்கா மகள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரு டிகிரி என்பது இவ்வளவு தூரமா என்று கேட்டாள். தப்பாக அளந்ததில் கிடைத்த நல்ல பாடம் அது. மறுநாள் ஒரு பலகையைப் போட்டு, அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் குச்சியை நிறுத்தினோம். ரசமட்டம் இல்லாவிட்டால் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய தட்டு போதும்.

காலை பத்தரை வாக்கில் ஆரம்பியுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நமக்கு வேலை நிழலோடு மட்டும்தான். நிழலின் நுனி எங்கே விழுகிறதோ அங்கே சாக்பீஸால் புள்ளி வைத்து, குச்சியின் அடியை மையமாக வைத்து, அந்தப் புள்ளி வழியாக நூலால் ஒரு வட்டம் போடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பகலை நோக்கி நிழல் குறுகி வட்டத்துக்குள் போகும், பிறகு நீண்டு பிற்பகலில் இன்னொரு இடத்தில் வட்டத்தைத் தொடும். அந்த நேரத்தையும் குறியுங்கள். நடுவில், பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். வட்டத்தைத் தொட்ட இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் அது கிழக்கு மேற்குக் கோடு, அதற்குச் செங்குத்தாகக் குச்சியின் அடி வழியாகப் போவது வடக்கு தெற்கு. காந்த ஊசி தேவையே இல்லை. மனை போடும்போது சங்கு (நிழல் பார்க்க நடும் குச்சி) நட்டுத் திசை குறிக்கிற ஸ்தபதிகள் செய்வதும் இதையேதான்.

இப்போது அட்சரேகை. ஐந்து நிமிடப் புள்ளிகளில் மிகக் குறுகிய நிழல் எதுவோ அதை அளங்கள். மார்ச் 21 அன்று மதுரையில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய பதினேழரை சென்டிமீட்டர் வரும், சென்னையில் 23, கன்னியாகுமரியில் 14. பெரிய பிள்ளை என்றால் டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்துவிடும். சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம், சார்ட் பேப்பரில் கால்வாசி அளவில் வரையச் சொல்லுங்கள். குச்சிக்கு 25 சென்டிமீட்டர் செங்குத்துக் கோடு, அதன் அடியில் நிழலுக்கு 4.4 சென்டிமீட்டர் படுக்கைக் கோடு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முக்கோணம். குச்சியின் உச்சியில் இருக்கும் கோணத்தைக் கோணமானியால் அளந்தால் 10 டிகிரியை ஒட்டி வரும். வந்துவிட்டது மதுரை.

இந்தக் கோணமும் பழத்தின் நடுவில் வரைந்த கோணமும் எப்படி ஒன்றாகும்? சூரியன் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் எல்லா ஊருக்கும் இணையாகத்தான் வருகின்றன. குச்சியைத் தரைக்குள் நீட்டிக்கொண்டே போனால் பூமியின் மையத்துக்குப் போகும். நிலநடுக்கோட்டில் நேர் உச்சியிலிருந்து விழும் கதிரை நீட்டினாலும் அதே மையம்தான். இரண்டு இணைகோடுகளை ஒரு கோடு வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று கணக்குப் பாடத்தில் படிப்பது இங்கேதான் வேலைக்கு வருகிறது. இந்தப் படத்தை நீங்கள் போட்டுக் காட்டாமல் பிள்ளையே வரையட்டும், நேரம் ஆனால் ஆகட்டும்.

வேறு நாளில் செய்கிறீர்கள் என்றால், அன்று சூரியன் எந்த அட்சரேகைக்கு மேல் நிற்கிறது என்று தெரிய வேண்டும். மார்ச் 21இல் 0, ஒரு மாதம் கழித்து வடக்கே பதினொன்றரை, இரண்டு மாதம் கழித்து 20, ஜூன் 21இல் கடக ரேகையான இருபத்து மூன்றரை, பிறகு அதே படிகளில் இறங்கி செப்டம்பரில் மறுபடி 0, அங்கிருந்து தெற்கே அதே கணக்கில் டிசம்பர் 22 வரை போய்த் திரும்பும். நிழல் வடக்கே விழுந்து, சூரியன் தென்பாதியில் இருந்தால், அளந்த கோணத்திலிருந்து சூரியனின் எண்ணைக் கழியுங்கள். வடபாதியில் இருந்தால் கூட்டுங்கள். நிழல் தெற்கே விழுந்தால் சூரியனின் எண்ணிலிருந்து நிழல் கோணத்தைக் கழிக்க வேண்டும். ஆம், நம் ஊரில் நண்பகல் நிழல் தெற்கேயும் விழும்! மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அப்படித்தான், ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு 24 சென்டிமீட்டர் தெற்கே போகும். டெல்லியில் இருக்கும் பிள்ளைக்கு வருடம் முழுவதும் இது பார்க்கக் கிடைக்காது, ஏனென்றால் சூரியன் கடக ரேகையைத் தாண்டி அவ்வளவு வடக்கே போவதே இல்லை.

தீர்க்கரேகைக்குக் கடிகாரம்தான் கருவி. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அப்படியானால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம் கைபேசி காட்டும் இந்திய நேரம் எண்பத்திரண்டரை டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம், அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உச்சிப்பொழுது தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் தீர்க்கரேகை கிடைத்துவிடும்.

குறுகிய நிழலின் நேரத்தை நேரடியாகக் குறிக்க முயலாதீர்கள், அந்த நேரத்தில் நிழலின் நீளம் மாறுவதே தெரியாது, பத்து நிமிடம் தவறிப் போகும். அதற்குத்தான் வட்டம். காலையில் 10:40க்கும் பிற்பகல் 2:10க்கும் நிழல் வட்டத்தைத் தொட்டது என்றால் நடுநேரம் 12:25. இதில் ஒரு திருத்தம் உண்டு. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் சூரியன் கடிகாரத்தோடு ஒத்துப் போகாது. மார்ச் 21இல் ஏழு நிமிடம் போலப் பின்தங்கும், செப்டம்பர் 23இல் ஏறக்குறைய அதே அளவு முந்தும், பிப்ரவரியில் 14 நிமிடம் வரை பின்தங்கி, நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டித் திருத்தமே வேண்டாம். நம் கணக்கில் 12:25இலிருந்து 7 நிமிடத்தைக் கழித்தால் 12:18. பதினெட்டு நிமிடத் தாமதம், நான்கால் வகுத்தால் நான்கரை டிகிரி, எண்பத்திரண்டரையில் அதைக் கழித்தால் 78. மதுரையின் உண்மையான தீர்க்கரேகை 78.12. ஒரு குச்சியும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டோம்!

ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்பது பிள்ளைக்கு நம்பமுடியாததாக இருந்தால் சென்னையின் கதையைச் சொல்லுங்கள். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானியல் ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழிலும் எழுத்து பொறித்திருக்கும். 1906இல் இந்தியப் பொது நேரம் வரும் முன் ரயில்கள் சென்னை நேரத்தில்தான் ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். அந்த 321 நிமிடத்தை நான்கால் வகுக்கச் சொல்லுங்கள், எண்பதே கால் வரும், அதுதான் சென்னையின் தீர்க்கரேகை. அந்த கிரீன்விச் 0 டிகிரி ஆனதும் 1884இல் வாஷிங்டனில் நாடுகள் கூடிப் பேசி எடுத்த முடிவால்தான். நிலநடுக்கோடு அப்படியில்லை, அதைப் பூமியின் சுழற்சியே தீர்மானித்துவிட்டது.

எண்கள் கிடைத்த பிறகு கைபேசி வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. அரை டிகிரி போல விலகினாலும் பரவாயில்லை, சூரியனே வானத்தில் அரை டிகிரி அகலம், அதனால்தான் நிழலின் நுனி மங்கலாகத் தெரிகிறது. பள்ளி அட்லஸில் 9°55' என்று இருக்கும், கைபேசியில் 9.92 என்று இருக்கும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் (இது கோணத்தின் நிமிடம், கடிகார நிமிடம் அல்ல) என்பதால் 55ஐ 60ஆல் வகுத்தால் .92. இந்த ஒரு இடத்தில் நிறையப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், 9.55 என்று எழுதிவிடுகிறார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி அட்லஸும் உலக உருண்டையும். மதுரையின் 9.92இல் விரலை வைத்து உருண்டையைச் சுற்றச் சொல்லுங்கள். மேற்கே கொச்சி, அப்படியே போய்க்கொண்டே இருந்தால் கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசே. தீர்க்கரேகையில் விரலை மேலே ஓட்டினால் ஆக்ரா, அதற்கும் மேலே டேராடூன். ஆக்ரா 27.18, மதுரை 9.92, வித்தியாசத்தை 111 கிலோமீட்டரால் பெருக்கினால் 1,900 கிலோமீட்டருக்கு மேல் வரும், அதை வரைபடத்தின் அளவுகோலில் நூல் வைத்துச் சரிபார்க்கலாம். கிழக்கு மேற்காக இதே 111ஐப் போடக் கூடாது. வெங்காய வட்டம் சிறுத்தது ஞாபகம் இருக்கிறதா? நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு தீர்க்க டிகிரி, டெல்லியில் 98, லண்டனில் 69 ஆகி, துருவத்தில் ஒன்றுமில்லாமல் போகும்.

சென்னையில் உறவினர் வீடு இருந்தால் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் குச்சி நடுங்கள். இரண்டு கோணங்களுக்கும் மூன்று டிகிரிக்குச் சற்று மேல் வித்தியாசம் வரும். வரைபடத்தில் மதுரைக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்காக மட்டும் இருக்கும் தூரம் 350 கிலோமீட்டர் போல. 350ஐ 3.15ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன் இதே முறையில்தான் கணக்கிட்டார்.

இரவில் வடக்கே மரமும் கட்டடமும் மறைக்காத இடம் கிடைத்தால் துருவ நட்சத்திரத்தையும் தேடுங்கள். தொடுவானத்திலிருந்து அது எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. கையை முழுக்க நீட்டி மடக்கிய முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி, அதனால் மதுரையில் தொடுவானத்தின் மேல் ஒரு முஷ்டியை வைத்தால் அதன் தலையில் அந்த நட்சத்திரம் இருக்கும். ரொம்பத் தாழ்வாக, மங்கலாகத்தான் தெரியும், மழை பெய்து தூசி அடங்கிய இரவாகப் பார்த்துப் போங்கள்.