நாலு சேனலில் ஒரு படம், 8 நிமிடக் காத்திருப்பு

யார் எப்போது வந்தாலும் முதலிலிருந்து பார்க்க வேண்டிய 120 நிமிடப் படம். அதை எல்லோருக்கும் பொதுவாக ஒளிபரப்ப நாலு சேனல்தான் இருக்கிறது. ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் அடுத்த சேனலில் படத்தை முதலிலிருந்து தொடங்கி ஓடவிடலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் யார் காத்திருப்பார்கள்?

1990-களின் கடைசியில் வந்த ஃபாஸ்ட் பிராட்காஸ்டிங் முறைக்கு மாறுங்கள். படத்தை 8 நிமிடத் துண்டுகளாக 15 ஆக வெட்டுங்கள். முதல் சேனலில் 1-ஆம் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடட்டும். இரண்டாவதில் 2, 3. மூன்றாவதில் 4 முதல் 7 வரை. நாலாவதில் 8 முதல் 15 வரை. அவ்வளவுதான்.

ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். நீங்கள் நுழையும் நேரத்தில் இரண்டாவது சேனலில் 3 ஓடுகிறது என்றால், 1-ஐப் பார்த்துக்கொண்டே 3-ஐச் சேமிக்கிறீர்கள். அது முடியும்போது 2 நேரலையாக வந்துவிடும், அப்புறம் சேமித்த 3. ஒரு துண்டு ஓடும் 8 நிமிடத்தை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், எந்தத் துண்டும் அதன் எண் அளவு சுற்றுக்குள் ஒருமுறை வந்தாக வேண்டும். விதி இது ஒன்றுதான். 15 சுற்றுக்குள் வந்தால் போதுமான 15-ஆம் துண்டு 8 சுற்றுக்கு ஒருமுறை வருகிறதே, அந்தத் தாராளத்தையும் இறுக்கிப் பிடிப்பது பகோடா முறை. அதில் மூன்றே சேனலில் 7-க்குப் பதில் 9 துண்டு அடங்கும். ஆனால் அட்டவணை சிக்கலானது. முதலில் எளியதை ஓட்டிப் பழகுங்கள்.

சுமை, பார்ப்பவரின் டிவியோடு இணைந்த செட்-டாப் பெட்டிக்குப் போகிறது. படம் 4 எம்பிபிஎஸ் என்றால் தொடக்கத்தில் நாலு சேனலையும் சேர்த்து 16 எம்பிபிஎஸ் வாங்க வேண்டும். பாதிப் படம், அதாவது சுமார் 1.8 ஜிபி வரை சேமிக்க இடமும் வேண்டும். வேலை முடிந்த சேனலை விட்டு உடனே வெளியேறும்படி பெட்டியை அமையுங்கள்.

எனக்கு அடி விழுந்தது வெட்டுமிடத்தில். எங்கள் என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கும் கருவி, காட்சி மாறும்போதெல்லாம் தன்னிஷ்டத்துக்குக் கீஃப்ரேம் (மற்ற ஃபிரேம்களைச் சாராத முழுப் படம், துண்டு தொடங்க வேண்டிய இடம்) போட்டது. துண்டுகள் நேர் எல்லையில் வெட்டுப்படவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் படம் உறைந்து நின்றது. காரணம் தெரிய எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. கீஃப்ரேம் இடைவெளியைச் சரியாக 2 நொடியாகப் பூட்டுங்கள். 480 நொடித் துண்டு அதில் மிச்சமின்றி வகுபடும்.

சரி, எல்லாப் படத்துக்கும் இதைச் செய்யலாமா? வேண்டாம். ஒரே நேரத்தில் சராசரியாக நாலு பேருக்கு மேல் பார்க்கும் படத்துக்கு மட்டும் செய்யுங்கள். மற்றதெல்லாம் கேட்பவருக்குத் தனி ஸ்ட்ரீமாகவே போகட்டும்.