நரம்பு சுருட்டலுக்கு லேசர்: காலையில் போய் மாலையில் வீடு திரும்ப

புதுச்சேரியில் ஒரு டே கேர் சென்டரில் செவிலியராக இருக்கிறேன். ஜவுளிக்கடை அக்காக்கள், பரோட்டா மாஸ்டர்கள், போக்குவரத்துக் காவலர்கள் என்று நாள் முழுக்க நின்றே பிழைப்பவர்கள்தான் கால் நரம்பு சுருட்டலுக்கு (காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்வது) எங்களிடம் அதிகம் வருகிறார்கள். ‘அட்மிஷன் கிடையாது, சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம்’ என்றதும், பல் பிடுங்குவது போல நினைத்துச் சிலர் கடலூரிலிருந்து தனியாக ஸ்கூட்டியில் வந்து நிற்கிறார்கள். பெட் இல்லை என்றால், ராத்திரி வார்டில் நாங்கள் பார்க்க வேண்டியதை உங்கள் வீட்டில் யாராவது பார்க்க வேண்டும். அதனால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தேதி வாங்கும் முன்பே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்க வைத்து எடுத்தார்களா? நீங்கள் நின்றுகொண்டிருந்தால்தான் ரத்தம் கீழே திரும்பி வருவது சரியாகத் தெரியும். செலவில் ஸ்டாக்கிங்கும் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீள உறை) மறு ஸ்கேனும் சேர்த்தியா? நடுராத்திரி பிரச்சினை என்றால் யாருக்குப் போன் செய்வது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் அங்கே போக மாட்டேன். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்கு முதலிலேயே பேசுங்கள். 24 மணி நேரம் படுக்காவிட்டாலும் டே கேர் சிகிச்சைக்குப் பணம் உண்டு. ஆனால் பில்லில் வெறும் ஓ.பி. (வெளிநோயாளி) என்று இருந்தால் மறுத்துவிடுவார்கள்.

சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், அட்டையையே கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லட்டும். மரத்துப்போக ஊசி மட்டும் என்றால் பெரும்பாலும் பட்டினி தேவையில்லை. இருக்கச் சொன்னால், சர்க்கரைக்காரர்கள் காலை இன்சுலினுக்கு என்ன செய்வதென்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் வீட்டில் கால் முடியைச் சவரம் செய்ய வேண்டாம், சின்ன கீறல்கூடக் கிருமிக்கு வழி. கொலுசையும் மெட்டியையும் கழற்றி வீட்டில் வையுங்கள். காலில் தடிமனாகக் கட்டு இருக்கும் என்பதால் தொளதொள பேன்ட், நைட்டி, வேட்டி எதுவானாலும் சரி.

முதலில் உங்களை நிற்க வைத்துப் பேனாவால் காலில் கோடு போடுவோம், படுத்தால் புடைப்பு அமுங்கிவிடும். பிறகு ஸ்கேன் பார்த்தபடி ஊசித் துளை வழியாக மெல்லிய குழாயைக் கெட்ட ரத்தக்குழாய்க்குள் விடுவார் டாக்டர். ரத்தக்குழாயைச் சுற்றி மருந்து கலந்த உப்புநீரை வரிசையாக ஊசியில் ஏற்றுவதுதான் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். குளிர்ச்சி பரவும், தொடை இறுகும். அந்த நீர்தான் சுற்றியுள்ள சதையைச் சூட்டிலிருந்து காக்கிறது. லேசர் சூட்டில் கெட்ட ரத்தக்குழாய் மூடிக்கொள்ளும், ரத்தம் வேறு நல்ல ரத்தக்குழாய்களில் போய்விடும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். ‘சிஸ்டர், வலிக்குது’ என்றால் மருந்தைக் கூட்டலாம்.

முடிந்ததும் நடக்க வைப்போம். படுத்தே இருந்தால் உள்ளே ரத்தம் கட்டும் ஆபத்து இருப்பதால்தான் இந்தப் பிடிவாதம். கடலூர் போகும் வழியெல்லாம் காரில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வாருங்கள். வீட்டில் அடிக்கடி கொஞ்சம் நடை, உட்கார்ந்தால் காலுக்கு ஒரு தலையணை.

துணைக்கு இருப்பவர் தூங்கும் முன் கால் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டோ நீலம் பாரித்தோ இருந்தால் கட்டு இறுக்கம், உடனே கூப்பிடுங்கள். காலில் போட்ட கட்டின் மேல் ரத்தம் கசிந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி, அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். தொடையில் கயிறு இழுப்பது போன்ற வலியும் கன்றிய நிறமும் சில நாள் இருக்கும், பயமில்லை. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே வந்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எங்களுக்குப் போன் செய்து நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஸ்டாக்கிங் நம் ஊர்ப் புழுக்கத்தில் கொடுமைதான், தெரியும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், வீக்கம் இல்லாதபோதே மாட்டினால் சுலபமாக ஏறும். மேல் விளிம்பை மடித்து விடாதீர்கள், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நெரிபடும். கால் லேசாக இருக்கிறதென்று மறு ஸ்கேனுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். குழாய் மூடியதா, ஆழத்தில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்பதை அதில்தான் பார்க்கிறோம்.