எந்தச் செலவுக்கு எந்தக் கார்டு? டெபிட், கிரெடிட் கார்டு முதன்முறை வாங்குவோருக்கு

இரண்டு கார்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி சிப், தேய்க்கும் மெஷினும் ஒன்றுதான். பணம் யாருடையது என்பதில்தான் வித்தியாசம். டெபிட் கார்டைத் தேய்த்தால் உங்கள் கணக்கில் இருக்கும் பணம் குறையும். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் வங்கி தன் பணத்தைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் பேரில் கடன் எழுதிக்கொள்ளும். எனவே 'எந்தக் கார்டு நல்லது' என்று கேட்பதைவிட, 'இந்தச் செலவுக்கு எது' என்று கேட்பது பயன் தரும்.

படி 1: மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுங்கள்

அடுத்த சம்பளம் வருவதற்கு முந்தைய நாள் கணக்கில் எவ்வளவு மீதி இருந்தது என்று மட்டும் பாருங்கள். மூன்று மாதமும் ஏதோ ஒரு தொகை மிச்சம் இருந்தால் கிரெடிட் கார்டு வாங்கலாம். துடைத்துப் போட்டதுபோல் இருந்தால் இப்போதைக்கு டெபிட் கார்டே போதும். கேஷ்பேக், ரிவார்டு பாயிண்ட் எல்லாம் பெரும்பாலும் செலவில் ஒன்றிரண்டு சதவீதம்தான். பில்லை முழுதாகக் கட்டத் தவறினால் ஒரே மாத வட்டி அதைச் சாப்பிட்டுவிடும்.

ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டு என்றால் இன்னொரு கணக்கும் போடுங்கள். கட்டணம் 1,000, கேஷ்பேக் 1 சதவீதம் என்றால், போட்ட காசை எடுக்கவே ஆண்டுக்கு 1,00,000 செலவழிக்க வேண்டும். (எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு இதுதான்.) முதல் கார்டு கட்டணமில்லாததாக இருக்கட்டும்.

படி 2: இரண்டு தேதிகளைக் குறித்துவையுங்கள்

பில் போடும் தேதி ஒன்று, பணம் கட்டக் கடைசித் தேதி இன்னொன்று. உங்கள் பில் 5-ஆம் தேதி, கடைசித் தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். 6-ஆம் தேதி வாங்கிய பொருள் அடுத்த மாதம் 5-ஆம் தேதி பில்லில்தான் வரும். அதைக் கட்ட 25 வரை, கிட்டத்தட்ட 49 நாள் வட்டியில்லாமல் கிடைக்கிறது. அதே பொருளை 4-ஆம் தேதி வாங்கினால் 21 நாள்தான். பெரிய செலவைத் தள்ளிப்போட முடியுமானால் பில் போட்ட மறுநாள் செய்யுங்கள். கடையிலிருந்து கணக்கு வங்கிக்கு வந்துசேர ஓரிரு நாள் ஆகும் என்பதால், பில் தேதியை ஒட்டிய செலவு எந்த மாதத்தில் விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 3: ஆட்டோ டெபிட்டை 'முழுத் தொகை' என்று வையுங்கள்

ஆட்டோ டெபிட் என்றால் பில் தொகை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும் ஏற்பாடு. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பில்லில் இரண்டு தொகை அச்சாகியிருக்கும்: மொத்த பாக்கி, குறைந்தபட்சத் தொகை. ஆட்டோ டெபிட் படிவத்தில் குறைந்தபட்சத் தொகையை டிக் செய்துவிட்டு, 'மாதாமாதம் தானாகக் கட்டுகிறதே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

பாக்கி 10,000, வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று கொள்வோம். முதல் மாதம் 300 வட்டி ஏறி பாக்கி 10,300 ஆகும். நீங்கள் கட்டுவது 515. மிச்சம் 9,785. இப்படியே 12 மாதம், புதிதாக எதுவும் வாங்காமல் கட்டினால், கையிலிருந்து போயிருப்பது சுமார் 5,500. கடன் குறைந்திருப்பதோ 2,300 அளவுதான், மற்றதெல்லாம் வட்டி. குறைந்தபட்சத் தொகை தாமதக் கட்டணத்திலிருந்து காப்பாற்றும், வட்டியிலிருந்து காப்பாற்றாது.

இதைவிட வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. பாக்கி இருக்கும்போது பல கார்டுகளில் புதிய செலவுக்கு அந்த 49 நாள் சலுகை கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

படி 4: செலவைப் பிரியுங்கள்

ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க எப்போதும் டெபிட் கார்டுதான். கிரெடிட் கார்டில் எடுத்தால் வழக்கமாக அதற்கென்று தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி. அன்றாடச் சில்லறைச் செலவுக்கும் டெபிட் கார்டு சரி. பணம் குறைவது கண்ணெதிரே தெரிவதால் கை தானாகக் கட்டுப்படும்.

ஹோட்டல், வாடகைக் கார், ஆளில்லாத பெட்ரோல் பங்க் ஆகியவற்றுக்குக் கிரெடிட் கார்டு. காரணம், இவர்கள் இறுதி பில் போடும் முன்பே ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள். அறை வாடகை 6,000. ஹோட்டல் 10,000 முடக்குகிறது. கிளம்பும்போது 6,000 தனியாக எடுத்துக்கொள்கிறது. முடக்கிய 10,000 விடுபடச் சில நாள் ஆகலாம். டெபிட் கார்டானால் அதுவரை உங்கள் கணக்கில் 16,000 கைக்கெட்டாது. அந்த இடைவெளியில் வீட்டுக் கடன் தவணை வந்தால் திரும்பிவிடும், அபராதமும் விழும். கிரெடிட் கார்டில் லிமிட்தான் (கார்டில் செலவழிக்க வங்கி அனுமதித்த உச்ச அளவு) குறையும், கணக்கு அப்படியே இருக்கும்.

பழக்கமில்லாத ஆன்லைன் கடைக்கும் இதே நியாயம். பொருள் வராவிட்டாலோ, கார்டு எண் திருடுபோனாலோ இரண்டு கார்டிலும் புகார் செய்யலாம். ஆனால் விசாரணை முடியும்வரை டெபிட் கார்டில் தவிப்பது உங்கள் பணம். கிரெடிட் கார்டில் வங்கியின் பணம். புகாருக்குக் காலக்கெடு உண்டு என்பதால் ஆர்டர் விவரம், கடையோடு பேசிய மெசேஜ் இரண்டையும் அழிக்காதீர்கள்.

படி 5: கார்டு வந்த அன்றே செய்யவேண்டியவை

வங்கி ஆப்பில் ஒவ்வொரு செலவுக்கும் அறிவிப்பு வரும்படி வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லாவிட்டால் அணைத்துவையுங்கள். டெபிட் கார்டின் தினசரி லிமிட்டை உங்களுக்குத் தேவையான அளவுக்கு இறக்குங்கள். கிரெடிட் கார்டில் மாதச் செலவு லிமிட்டின் 30 சதவீதத்துக்குள் இருப்பது கடன் மதிப்பெண்ணுக்கு (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் எண்) நல்லது என்பது பொதுவான கணக்கு.

பில் வந்தபின் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கவனம். ரீஃபண்ட் வந்துவிட்டதே என்று அந்தத் தொகையைக் கழித்துக் கட்டாதீர்கள். பல வங்கிகள் ரீஃபண்டைப் பில் கட்டியதாக எடுத்துக்கொள்வதில்லை. பில்லில் உள்ளதை முழுதாகக் கட்டுங்கள். கூடுதலாகப் போனது அடுத்த பில்லில் கழிந்துவிடும்.