கார்க் கண்ணாடி மோட்டாருக்கு ஆப்-ஆம்ப் தேர்ந்தெடுக்கும் முறை

வாகனச் சுற்றுக்கு ஆப்-ஆம்ப் (சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு) வாங்க விற்பனைத் தளத்தைத் திறக்கும் புதியவர், அங்கே வரிசையாக வந்து நிற்கும் நூற்றுக்கணக்கான சில்லு எண்களைக் கண்டு, விலை கூடியது எதுவோ அதுவே பாதுகாப்பானது என்று எண்ணிவிடுகிறார். அந்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, சுற்றிலிருந்து தொடங்குவோம். கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரின் மின்னோட்டத்தை அளப்பது நம் வேலை. தானாக மூடும் கண்ணாடியில் ஒரு குழந்தையின் கை சிக்கினால், விசை 100 நியூட்டனைத் தாண்டுவதற்குள் கண்ணாடி பின்வாங்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் கேட்கின்றன. தடை வந்ததும் மோட்டாரின் மின்னோட்டம் ஏறுமாகையால், அந்த ஏற்றத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வழி.

முதற்படி: தாளில் கணக்கு

மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் பிரிட்ஜ் என்ற சுவிட்ச் அமைப்பின் கீழ்முனைக்கும் தரைக்கும் இடையே 5 மில்லிஓம் ஷண்ட் (மின்னோட்டத்தை மின்னழுத்தமாகக் காட்டும் சிறு மின்தடை) ஒன்றை வைப்போம். மோட்டார் முழுவதும் நின்றுபோகும்போது 20 ஆம்பியர் பாய்வதாகக் கொண்டால், ஷண்டில் 100 மில்லிவோல்ட் கிடைக்கும். மைக்ரோகன்ட்ரோலர் 5 வோல்ட் வரை அளக்கும் என்பதால் 40 மடங்கு பெருக்கம் போதும். 1 கிலோஓம், 40.2 கிலோஓம் மின்தடைகளை இரண்டிரண்டாக வைத்து, ஷண்டின் இரு முனைகளுக்கிடையேயான வேறுபாட்டை மட்டும் பெருக்கும் வேறுபாட்டுப் பெருக்கியாக அமைக்கலாம்.

ஷண்டின் ஒரு முனையை மட்டும் தன் தரையோடு ஒப்பிட்டுப் படிக்கும் ஒற்றை உள்ளீட்டுப் பெருக்கியே போதாதா என்று தோன்றலாம். ஷண்டின் தரையும் ஆப்-ஆம்பின் தரையும் பலகையில் ஒரே புள்ளி அல்ல. மோட்டார் ஓடும்போது அவற்றுக்கிடையே 100 மில்லிவோல்ட் வேறுபாடு தோன்றினால், ஒற்றை உள்ளீடு அதை 20 ஆம்பியர் என்று படிக்கும். 1 சதவீதப் பிழை எல்லை உள்ள மின்தடைகளால் கட்டிய வேறுபாட்டுப் பெருக்கியோ, மிக மோசமான நிலையிலும் அதைச் சுமார் 20 மில்லிஆம்பியர் பிழையாகச் சுருக்கிவிடும்.

இரண்டாம் படி: மின்வழங்கல்

காரின் 12 வோல்ட் பேட்டரி இணைப்பைப் பன்னிரண்டு வோல்ட் என்று நம்பக் கூடாது. ஆல்டர்னேட்டர் மின்னேற்றம் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு அறுந்தால் எழும் வீச்சு, மட்டுப்படுத்தப்பட்ட நிலையிலும் 35 வோல்ட்டை எட்டலாம் என்று கொண்டே ஐஎஸ்ஓ 16750-2 என்ற வாகன மின்சோதனைத் தரம் சோதிக்கச் சொல்கிறது. பழைய எல்எம்2904 என்ற ஆப்-ஆம்பின் மின்வழங்கல் உச்ச வரம்பு 26 வோல்ட்தான். வாகனத் தரம் என்று டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளின்) முதல் பக்கத்தில் அச்சிட்டிருப்பதால் ஒரு சில்லு பேட்டரியோடு நேரடியாக இணைக்கத் தக்கதாகிவிடாது. நம் சுற்றில் மைக்ரோகன்ட்ரோலருக்காக ஏற்கெனவே 5 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கிறது. ஆப்-ஆம்பும் அதிலேயே வாழட்டும்.

மூன்றாம் படி: வெப்பநிலை

வாகனச் சில்லுகளுக்கான ஏஇசி-க்யூ100 என்ற தகுதித் தரத்தில் கிரேடு 3 என்பது 85 டிகிரி செல்சியஸ் வரை, கிரேடு 2 என்பது 105 வரை, கிரேடு 1 என்பது 125 வரை, கிரேடு 0 என்பது 150 வரை. கீழ் எல்லை எல்லாவற்றுக்கும் மைனஸ் 40. கதவுக்குள் இருக்கும் பலகைக்குக் கிரேடு 1 தாராளமாகப் போதும்.

நான்காம் படி: உள்ளீடும் வெளியீடும் எட்டும் எல்லை

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. எல்எம்2904-இன் உள்ளீடு தரை வரை இறங்கும். அது நமக்கு நல்லது. ஆனால் அதன் வெளியீடு மின்வழங்கலைவிடச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட்டில் இயக்கினால் 3.5 வோல்ட்டுக்கு மேல் வராது. நமக்கோ 20 ஆம்பியருக்கு 4.02 வோல்ட் வேண்டும். ஆகவே ரெயில்-டு-ரெயில் வெளியீடு, அதாவது தரை முதல் மின்வழங்கல் வரை ஏறக்குறைய எட்டும் வெளியீடு, உடைய ஆப்-ஆம்பே தேவை.

அந்தப் பெயரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எந்த வெளியீடும் சரியாகப் பூஜ்யத்தைத் தொடுவதில்லை. 50 மில்லிவோல்ட்டில் நின்றுவிட்டால், சுமார் 0.25 ஆம்பியருக்குக் கீழ் எதையும் அளக்க முடியாது. மோட்டாரை நிறுத்தும் நொடியில் மின்னோட்டம் ஷண்டில் எதிர்த்திசையில் பாய்வதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து: தரையோடு சேர்க்க வேண்டிய 40.2 கிலோஓம் மின்தடையின் முனையை, உள்தடை குறைந்த 0.5 வோல்ட் மேற்கோள் மூலத்தோடு சேர்ப்பது. அப்போது மின்னோட்டமே இல்லாதபோது வெளியீடு 0.5 வோல்ட்டிலும், 20 ஆம்பியரில் 4.52 வோல்ட்டிலும் நிற்கும்.

ஐந்தாம் படி: ஆஃப்செட்

உள்ளீட்டில் எதுவும் இல்லாதபோதும் ஆப்-ஆம்ப் தானே சேர்த்துக்கொள்ளும் சிறு மின்னழுத்தப் பிழைதான் ஆஃப்செட். அதற்கு டேட்டாஷீட்டில் வழக்கமான மதிப்பு, உச்ச மதிப்பு என இரண்டு நிரல்கள் இருக்கும். உச்ச மதிப்பை மட்டும் பாருங்கள். எல்எம்2904-இன் ஆஃப்செட் உச்சம் 7 மில்லிவோல்ட். அதை 5 மில்லிஓமால் வகுத்தால் 1.4 ஆம்பியர் பிழை. கண்ணாடியில் சிக்கிய கையைக் காட்டிக்கொடுக்கும் ஏற்றமே இந்த அளவில்தான் இருக்கக்கூடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓபிஏ2333-க்யூ1 போன்ற, தன் ஆஃப்செட்டைத் தானே திருத்திக்கொள்ளும் ஜீரோ-ட்ரிஃப்ட் வகையில் உச்சம் 10 மைக்ரோவோல்ட், அதாவது வெறும் 2 மில்லிஆம்பியர்.

அப்படியானால் அதையே வாங்கிவிடலாமே என்றால், எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்காம் படியில் சேர்த்த 0.5 வோல்ட் இங்கே கைகொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் மோட்டாரை இயக்குவதற்குச் சற்று முன் மைக்ரோகன்ட்ரோலர் வெளியீட்டைப் படித்து, அதையே பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 0.5 வோல்ட் இல்லையென்றால் இது நடக்காது, ஏனெனில் ஆஃப்செட் எதிர்மறையாக இருந்தால் வெளியீடு தரையில் ஒட்டிக்கொண்டு, பிழை எவ்வளவு என்பதே மறைந்துவிடும். கண்ணாடி ஏறி முடிக்கச் சில நொடிகள்தாம். அதற்குள் வெப்பநிலை பெரிதாக மாறாது. எனவே 2 அல்லது 3 மில்லிவோல்ட் ஆஃப்செட் உள்ள சாதாரண சிமாஸ் ஆப்-ஆம்பே இந்த வேலையைச் செய்துவிடும். பல மணி நேரம் இடைவிடாமல் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பேட்டரி கண்காணிப்புச் சுற்றாக இருந்தால், ஜீரோ-ட்ரிஃப்ட் வகைக்குப் பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆறாம் படி: வேகமும் வானொலி இரைச்சலும்

ஆப்-ஆம்பின் பட்டை அகலத்தை (அது எவ்வளவு வேகமான மாற்றம் வரை பெருக்கும் என்ற அளவை) 41-ஆல், அதாவது நம் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, வகுத்துப் பாருங்கள். 1 மெகாஹெர்ட்ஸ் உள்ளதற்குச் சுமார் 24 கிலோஹெர்ட்ஸ் மிஞ்சும், அது இங்கே போதும். குறுக்குச்சுற்றைத் தடுக்கும் பொறுப்பை, மின்னழுத்தம் எல்லை மீறியதும் உடனே காட்டும் தனி கம்பரேட்டரிடம் விட்டுவிடுங்கள். காருக்குள் ஒலிக்கும் கைப்பேசியின் அலை உள்ளீட்டுக் கம்பிகளில் நுழைந்தால், ஆப்-ஆம்ப் அதை நேர்மின்னழுத்தமாக மாற்றி, இல்லாத மின்னோட்டத்தைக் காட்டக்கூடும். டேட்டாஷீட்டில் இஎம்ஐ (மின்காந்த இடையூறு) வடிகட்டி உள்ளே உண்டு என்ற வரியைத் தேடுங்கள். அதோடு இரு உள்ளீட்டுக் கம்பிகளுக்கும் இடையே சிறு மின்தேக்கி ஒன்றுக்குப் பலகையில் இடம் விடுங்கள்.

ஏழாம் படி: பலகையில் சரிபார்த்தல்

இரட்டை ஆப்-ஆம்புகளின் எட்டுக் கால் எஸ்ஓஐசி உறையில் கால்களின் வரிசை பெரும்பாலும் ஒன்றே என்பதால், தேர்ந்தெடுத்ததையும் ஜீரோ-ட்ரிஃப்ட் வகை ஒன்றையும் ஒரே பலகையில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். அறை வெப்பத்திலும் 85 டிகிரி அடுப்பிலும் 5 ஆம்பியர் நிலையான சுமையைக் கொடுத்து, பூஜ்யத்தைக் கழித்த பிறகு இரண்டின் அளவீடும் எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விலகல், கண்ணாடி தடையின்றி ஏறும்போதே மின்னோட்டம் ஆடும் அளவைவிடச் சிறியதாக இருந்தால், விலை குறைந்ததையே வைத்துக்கொள்ளலாம்.