யாழ்ப்பாணம் ரவுண் பாக்கப் போறீங்களோ, நல்லூரில துவங்குங்கோ

எங்கட ஆக்கள் லீவுக்குப் போனா கோயில், ஐஸ்கிறீம், லைப்ரரிக்கு முன்னால ஒரு போட்டோ, அதோட யாழ்ப்பாணம் பாத்து முடிஞ்சுது. பிள்ளையளோட போறனீங்கள் ஒரு நாளை ஒதுக்கி, முதல் நல்லூர் பேந்து கோட்டை எண்டு பாருங்கோ, ஏனெண்டா அரசர்ட தலைநகர் நல்லூர், கோட்டையடி ரவுண் போத்துக்கீசர் வந்தாப்பிறகு வளந்தது.

விடிய வெய்யிலுக்கு முதல் வெளிக்கிடுங்கோ. 1619 இல இராச்சியம் விழுந்து 1621 இல பழைய கந்தசாமி கோயிலைப் போத்துக்கீசர் இடிச்சுப் போட்டாங்கள், இப்ப நாங்கள் கும்பிடுறது 1734 இல வேற இடத்தில எழும்பினது. பழைய கோயில் முத்திரைச்சந்தியில இப்ப சேர்ச் நிக்கிற இடத்திலதான் இருந்தது எண்டு சொல்லுவினம், அதுக்குக் கிட்டவே யமுனா ஏரி, ஏரி எண்டு பெருசா நினைச்சுப் போகாதேங்கோ, ப வடிவில கட்டின ஒரு கேணி, ஒருத்தரும் எட்டிப் பாக்கிறேல்ல. அங்கால பருத்தித்துறை ரோட்டில கடைசி அரசன் சங்கிலியன்ர பேரில இருக்கிற சங்கிலியன் தோப்பு வாசல் வளைவும், மந்திரி இருந்ததெண்டு சொல்லுற மந்திரிமனையும். மந்திரிமனை பிந்தின காலத்துக் கட்டடம் எண்டுறவையும் இருக்கினம், இடிஞ்சு கிடக்கு, உள்ளுக்க ஏற விடாதேங்கோ.

பேந்து ஓட்டோவில கண்டி ரோட்டால வந்தா சுண்டிக்குளியில பழைய பூங்கா. 1829 இல இருந்து 1867 இல சாகும்வரை வெள்ளைக்கார அரசாங்கத்தின்ர ஏஜென்டா இருந்த டைக் துரை உண்டாக்கினது, மரநிழலில சின்னனுகள் ஓடி விளையாடலாம்.

கோட்டைக்குப் பின்னேரம் போங்கோ, மேல நிழலே இல்லை. 1658 இல ஒல்லாந்தர் பிடிச்சு ஐங்கோணமா மாத்தினது, உள்ளுக்க 1706 இல கட்டின சேர்ச் பிந்தின உள்நாட்டுச் சண்டையில தரைமட்டம். லைப்ரரி அதுக்குக் கிட்டத்தான். 1981 வைகாசி 31 இரவு எரிச்சது, 97,000 அளவில புத்தகங்களும் ஏடுகளும் போச்சு, திரும்பத் திறந்தது 2003 இல. பிள்ளையளுக்கு இதை வாசல்லயே சொல்லிப் போட்டு உள்ளுக்க கூட்டிக்கொண்டு போங்கோ, வெளிய நிண்டு செல்ஃபி எடுத்துட்டு வாறதில என்ன இருக்கு?

நேரம் இருந்தா சோனகத்தெருவுக்கும் ஒருக்கா போங்கோ, 1990 இல அங்க இருந்த முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேத்தினவை, அதையும் மறைக்காமச் சொல்லுங்கோ.

நல்லூருக்குள்ள ஆம்பிளையள் சேட்டு கழட்டவேணும். ஆவணித் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுத்தி ரோட்டு பூட்டு, ரூம் வேணுமெண்டா முன்கூட்டியே புக் பண்ணுங்கோ.